துப்பாத வாய்

அன்றைக்குச் சூளையடியில் இருந்தவர்கள்: பர்னரைப் பார்த்துக்கொள்ளும் பழமலைநாதன். கேட்டில் இருக்க வேண்டிய வாட்ச்மேன் விருத்தகிரி; அங்கே கொசு என்று உள்ளே வந்துவிட்டார். பேக்கிங்கில் வேலை செய்யும் சேரன். அப்புறம் நான். நைட் ஷிப்ட்டை விட்டு நின்று மாதக் கணக்காகிறது, ஆனாலும் இருட்டினால் கால் அங்கேதான் போகிறது. ஒரு நாயும் இருந்தது. பாதியில் எழுந்து போய்விட்டது. அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

சூளைக்குள் பீங்கான் சரக்கு வெந்துகொண்டிருந்தது. கண் அசந்தால் சூடு ஏறிக் கோணலாகிவிடும். அதனால் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எங்க அக்கா வூட்டுக்காரருக்கு நடந்தது ஒன்னு இருக்குது," என்றான் சேரன். "சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க."

விருத்தகிரி சிரித்து முடித்தார். சேரன் சொன்னது இதுதான்.

பொழுது சாய்ந்த நேரம். மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரும் சாலை. இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. வண்டி எதுவும் இல்லை. எங்கோ முந்திரிக் கொட்டை வறுக்கிறார்கள்... தொண்டையில் ஒட்டிக்கொள்கிற எண்ணெய்ப் புகை. சேரனின் அக்கா கணவன் ராஜ்மோகன் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். டேங்கின் மேல் ஒரு சாக்குப் பை. உள்ளே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

மங்கலம்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் ஒருவரிடம் சொல்லிச் சுற்றி வாங்கியது. வீட்டுக் கரண்டை அது இரண்டாகப் பிரித்துத் தரும். ஒரு பக்கம் ஆறு வோல்ட் சொச்சம், வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க. இன்னொரு பக்கம் இருநூறு வோல்ட்டுக்கு மேல், வால்வு வேலை செய்ய. தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும்.

வால்வு என்றால் அந்தக் காலத்து ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குப்பி. பெண்ணாடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் அவனுக்கு நாலைந்து கிடைத்திருந்தன. அவற்றை வைத்து ஹெட்போனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு பாட்டுப் பைத்தியமா?" என்று கேட்டார் விருத்தகிரி.

"பாட்டக் கேக்கறதுக்கு எங்க கட்டுனாரு? பெரியப்பாவக் கேக்காம இருக்கறதுக்குக் கட்டுனாரு."

பெரியப்பாவின் பெயர் மாணிக்கவேல். ராஜ்மோகனின் அப்பாவுக்கு அண்ணன். மனைவி செத்துப்போய்விட்டாள். ஒரே மகன் வளவன் குவைத்தில். அதனால் கிழவர் ராஜ்மோகன் வீட்டில்தான் இருந்தார். கெட்டவர் இல்லை. யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். ஆனால் போடுகிற விதம் இருக்கிறதே... முதலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும், ச்சப். பிறகு வாயைத் திறந்தபடியே மெல்லுவார். எச்சில் சேரச் சேரப் பேச்சு குழையும். பிறகு நெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு இழுப்பு, க்க்ர்ர்ர்... மகன் அனுப்பிய பால்பவுடர் டப்பா ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அதற்குள், தொப். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு உலோக உறை போட்டிருந்தார். மெல்லும்போது பாக்கு அதில் பட்டு டிக், டிக் என்று கேட்கும்.

ராஜ்மோகன் சோற்றில் கை வைத்தால் கிழவர் காறுவார். இவன் தட்டோடு எழுந்து போவான். அப்படி ஒரு ஆள் அவன். பிறர் குடித்த தம்ளரைக் கழுவினாலும் தொடமாட்டான். கடைகளில் விற்கிற ஹெட்போன் எதுவும் அந்தச் சத்தத்தை முழுசாக மறைக்கவில்லை என்று சொல்லித்தான் இந்த வேலையில் இறங்கினான். பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினான், காதை மூடிக்கொள்கிற மாதிரி. அதில் சத்தத்தைத் தள்ளுவதற்குச் செல்போனுக்குச் சக்தி போதாது. அதற்குத்தான் இந்த வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும்.

முந்திரிக் காட்டுக்கு நடுவில் போன் அடித்தது. மனைவி அன்புக்கரசி.

"என்னங்க... பெரிய மாமா பேச்சு மூச்சு இல்லாம கெடக்குறாரு. வாயில வெத்தல அப்படியே இருக்குது. சீக்கிரம் வாங்க."

"சரி," என்றான். வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான். வேகமாகப் போனால் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்று கலைந்துவிடும் என்று மனைவியிடம் பிறகு சொன்னான்.

கிழவரின் தகனத்துக்கு வளவனால் வர முடியவில்லை. ராஜ்மோகன்தான் கொள்ளி வைத்தான். வளவன் போனில் அழுதான். "எலும்ப மட்டும் வெச்சிருண்ணா. நான் வந்து என் கையால மணிமுத்தாத்துல கரைக்கிறேன். அது ஒன்னாவது செய்யறேன்."

மறுநாள் பால் தெளித்து எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டு மூடி, மஞ்சள் துணி கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கலயம் வீட்டுக்குள் வரக்கூடாது. மரத்தில் கட்டுவார்கள், ராஜ்மோகன் வீட்டில் மரம் இல்லை. அவனுக்குச் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட் இருந்தது. ஃப்யூஸ் கட்டை, ஹீட்டர் தட்டு எல்லாம் செய்கிற இடம். அங்கே மூலப்பொருள் கொட்டகையில் ஒரு பலகைமேல் கொண்டுபோய் வைத்தான்.

பழமலைநாதன் இந்த இடத்தில் நிமிர்ந்தார். "டேய், அந்த யூனிட்டுல அப்ப போன் சைனா டிரை பண்ணாங்கல்ல?"

"பண்ணாங்க."

"அய்யய்யோ," என்றார் பழமலைநாதன்.

எனக்குப் புரிந்தது. விருத்தகிரிக்குப் புரியவில்லை. சேரன் அவருக்குச் சொன்னான். போன் சைனா என்றால் எலும்புப் பீங்கான். வெள்ளை வெளேரென்று கப்பு வேண்டுமானால் மண்ணோடு எலும்புச் சாம்பலைச் சேர்க்க வேண்டும். மாட்டெலும்பு. அதை மூடி போட்ட மண் சட்டிகளில் அடைத்துச் சூளையில் வேகவைப்பார்கள். வெந்த பிறகு சட்டியோடு வரிசையாகக் கொட்டகையில் வைப்பார்கள். அதே பலகையில். கலயமும் சட்டியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ராஜ்மோகன் கலயத்தை வரிசையின் கடைசியில்தான் வைத்தான். மஞ்சள் துணி கட்டியிருக்கிறதே, தெரியாமலா போகும் என்று நினைத்தான். பால் தெளித்த துணி, நெய் பட்ட துணி... எலிக்கு அது போதும். மறுபடி அவன் கொட்டகைக்குப் போனபோது எந்தச் சட்டியிலும் துணி இல்லை. வேலையாட்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மில்லில் அவனே சரக்குப் போட்டான். மில் என்றால் பெரிய இரும்பு உருளை. உள்ளே கூழாங்கல் கிடக்கும். எலும்பும் மண்ணும் தண்ணீரும் சேர்த்துச் சுற்றவிட்டால் மாவாக அரைத்துவிடும். சட்டி சட்டியாகக் கவிழ்த்தான். கடைசியில் ஒரு சட்டியை விட்டுவைத்தான். கடைசியில் வைத்தது பெரியப்பா, ஆகவே மிச்சம் இருப்பது பெரியப்பா.

மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். வெந்த மாட்டெலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும். மனுஷ எலும்பில் கரி இருக்கும், சாணி வறட்டிச் சாம்பல் இருக்கும். பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவன் பார்க்கவில்லை. திறக்க அருவருப்பு. தொட்ட கையையே இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினான்.

யாரோ வரிசையைக் கலைத்து மாற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

மிச்சமிருந்த சட்டிக்குப் புதிதாக மஞ்சள் துணி கட்டினான். வளவன் வந்தான். இடுப்பு வரை தண்ணீரில் இறங்கி, அழுது, மூன்று முறை முங்கி, கரைத்துவிட்டுப் போனான். மாட்டெலும்பை.

விருத்தகிரி எழுந்துபோய்ச் சுவரோரம் துப்பிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவர், "மேல சொல்லு," என்றார்.

அரைத்த மண் அருமையாக வந்தது. பால் மாதிரி வெள்ளை. கப்புக்கு அச்சில் ஊற்றியது போக மிச்சத்தில் ராஜ்மோகன் தன் ஆம்ப்ளிஃபயருக்குச் சாக்கெட் செய்துகொண்டான். வால்வின் கம்பிக் கால்கள் செருகிக்கொள்ள ஒன்பது ஓட்டை உள்ள வட்டத் துண்டு. கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். ஆனால் வால்வுச் சூட்டுக்குப் பீங்கான்தான் தாங்கும். அதோடு, பீங்கான் யூனிட் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் வாங்குவானா? அழுத்தி எடுத்து, சூளையில் வைத்து எடுத்தான். பழைய சாக்கெட்டிலிருந்து பித்தளைக் கவ்விகளைப் பிடுங்கி ஓட்டைகளில் பொருத்தினான். இரண்டு மாட்டினான், சிலவற்றை உபரியாக வைத்துக்கொண்டான். கிழவர்தான் போய்விட்டாரே, இது எதற்கு என்று அன்புக்கரசி கேட்டாள். ஆரம்பித்ததை முடிக்க வேண்டாமா என்றான்.

பின்கட்டில் ஒரு அறை. மேஜைமேல் அலுமினியப் பெட்டி. அதன் முதுகில் இரண்டு வெள்ளை வட்டம், அவற்றில் இரண்டு வால்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவிட்சைப் போட்டான். இழை மெல்லச் சிவந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ம்ம்ம்ம்... என்று ஒரு முனகல். அது கரண்டின் முனகல், புதிதாகக் கட்டினால் வரும். வால்வைச் சூடாக்கும் ஒயர்களைக் கயிறு மாதிரி முறுக்கிவிட்டான். எர்த் ஒயர்களை எல்லாம் ஒரே திருகுக்குக் கொண்டுவந்தான். கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சரைப் பெரிதாகப் போட்டான். ஒரு வாரம் அந்த முனகலோடு மல்லுக்கட்டினான். கடைசியில் போயேவிட்டது. காதுக்குள் கிணறு மாதிரி அமைதி.

அந்த அமைதிக்கு அடியில் ஏதோ இருந்தது.

ச்சப்.

கம்பி லூஸ் என்று நினைத்தான். ஒவ்வொரு பற்றவைப்பையும் சூடுகாட்டி மறுபடி வைத்தான். ச்சப்... ச்சப்... வால்வு சரியில்லை என்று மாற்றிப் போட்டான். பென்சிலால் தட்டிப் பார்த்தான். மேஜையை மாற்றினான். பாட்டுப் போட்டால் பாட்டுக்குப் பின்னால் கேட்டது. பாட்டை நிறுத்தினால் பக்கத்தில் கேட்டது. திறந்த வாய். சேருகிற எச்சில். நடுநடுவே... டிக். டிக்.

அப்போதே கழற்றி எறிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கட்டியது. குறையைக் கண்டுபிடிக்காமல் விட மனசு வரவில்லை. ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். நெஞ்சுக்கு அடியிலிருந்து அந்த இழுப்பு வந்தது... க்க்ர்ர்ர்... கோழை மேலேறி வாய்க்கு வந்து... வாய் நிறைந்துவிட்டது. அடுத்தது டப்பாச் சத்தம். அவன் உடம்பு அதற்காகக் காத்திருந்தது. வரவில்லை. வாய் நிறைந்தபடியே மறுபடி மெல்லத் தொடங்கியது.

ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினான். அணைத்தாலும் கண்டென்சரில் கரண்டு சிறிது நேரம் தங்கும். பாட்டு தேய்ந்து தேய்ந்துதான் அடங்கும். பாட்டு அடங்கிவிட்டது. மெல்லுவது அடங்கவில்லை. வால்வு ஆறிக் குளிர்ந்த பிறகுதான் நின்றது. மறுநாள் குளிர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவன் தேடினான். கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு வால்வைப் பிடித்து இழுத்தான். ஈறு தளர்ந்த பல் மாதிரி, வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் ஓட்டைகளில் ஈரம். காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டான். சிவப்பாக வந்தது. நூல் நூலாக இழுத்தது. முகர்ந்துவிட்டான். வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை... எல்லாவற்றுக்கும் அடியில், நாள்பட்ட வாயின் புளிப்பு. பஞ்சில் ஒரு பாக்கு நார் ஒட்டியிருந்தது.

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். ஹெட்போனின் மெத்தையைப் பார்த்தான். அதுவும் ஈரம். காதைத் துடைத்தான். கர்ச்சீப் சிவந்தது.

அந்த வாரம்தான் மில்லைக் கழுவினார்கள். கூழாங்கற்களை வெளியே கொட்டி அலசும்போது, கல்லுக்கு நடுவில் ஏதோ மினுங்குகிறது என்று வேலையாள் எடுத்துக் கொடுத்தான். ராஜ்மோகன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கடைவாய்ப் பல்லின் உலோக உறை. தேய்ந்திருந்தது, ஆனாலும் கிண்ணம் மாதிரி பல்லின் வடிவம் அப்படியே இருந்தது.

சாக்கடையில் போட்டான். வீட்டுக்கு வந்து அன்புக்கரசியிடம் சொன்னான். அவள் சமையலறைக்குப் போனாள். அந்த மண்ணில் வார்த்த கப்புகளில் ஆறு வீட்டில் இருந்தன. அவற்றில்தான் காலையும் மாலையும் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெள்ளை என்று விருந்தாளிக்கும் அதில்தான் கொடுப்பாள். கொல்லையில் குழி தோண்டி ஆறையும் உடைத்துப் புதைத்தாள். பிறகு உப்பை வாயில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

"மீதி கப்பு?" என்றார் பழமலைநாதன்.

"வித்தாச்சு."

"எங்கடா?"

"கேக்காதீங்கண்ணே. டீக்கடைக்குத்தான்."

 எந்த டீக்கடை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ராஜ்மோகன் உபரிச் சாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் ஆற்றுக்குப் போனான். வளவன் நின்ற அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, கையிலிருந்து விட்டான். வெள்ளையாக மணலில் போய் உட்கார்ந்தன. தெளிந்த தண்ணீருக்குள் பல்வரிசை மாதிரி அவனைப் பார்த்தன. அவனுக்கே தெரியும். சாம்பலாக விட்டிருந்தால் கரைந்திருக்கும். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வெந்து கண்ணாடியாக இறுகியது எந்த ஆற்றிலும் கரையாது. கல்லை வைத்து இடித்தான். ஒன்று பலவானது. ஒவ்வொரு துண்டும் கரையாமல் கிடந்தது.

வந்து ஆம்ப்ளிஃபயரில் இருந்த இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் மாட்டினான். ஹெட்போனில் சுத்தமான அமைதி. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான். முதல் உருண்டையை வாயில் வைத்தான்.

நாக்குக்கு அடியில் வேறொருவருடைய எச்சில் ஊறியது.

அதை எப்படிச் சொல்வது என்று சேரனுக்கே தெரியவில்லை. நம் எச்சில் நமக்குத் தெரியாது, சூடும் தெரியாது, ருசியும் தெரியாது. இது தெரிந்தது. வெதுவெதுவென்று, காரமாக, கெட்டியாக. தாடை தானாக மென்றது. நெஞ்சுக்கு அடியிலிருந்து இழுத்து வாய் நிறைந்தது. துப்ப ஓடினான். வாயைத் திறந்தால் வெளியே ஒன்றும் விழவில்லை. மூடினால் நிறைந்திருந்தது. விழுங்கவும் முடியாது. எப்படி விழுங்குவது?

குப்பையில் கிடந்த சாக்கெட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்டான். வாய் காலியானது. ஹெட்போனில் மெல்லும் சத்தம் தொடங்கியது. பொருத்தினால் காதில், கழற்றினால் வாயில். அணைத்து வைத்தாலும் வால்வு குளிர்ந்ததும் வாய்க்கு வந்துவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போகிற அன்றைக்கெல்லாம் பட்டினி. கரண்ட் இருக்கிற நாளிலும் அந்த அறையிலிருந்து ச்சப் ச்சப் என்று கேட்கிறதோ என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. ஆள் பாதியானான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"வெத்தல பாக்கை முதல்ல நிறுத்துங்க சார். நாக்கப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குது."

"நான் போடறதில்லைங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அன்புக்கரசி அவன் பக்கத்தில் படுப்பதை நிறுத்தினாள். அவன் மூச்சில் கிழவர் நாறினார்.

"வளவன்கிட்ட சொல்லிடுங்க," என்றாள். "அவன் அப்பாதான. ஐயரைக் கேட்டு என்னா செய்யணுமோ அவன் செய்வான். சொல்லாம இருந்தா நீங்க செத்துப் போயிடுவீங்க."

"மாட்டெலும்ப வெச்சு அழுதியேடான்னு எப்படிடி சொல்றது? அவன் என்னை உசிரோட விடுவானா?"

"அப்ப சோறு திங்காமயே சாவுங்க."

அந்த வார்த்தையில்தான் போனை எடுத்தான். அவள் எதிரிலேயே நின்றாள். குவைத்தில் மணி அடித்தது. வளவன் எடுத்தான்.

"வளவா... உங்கப்பாவப் பத்தி ஒன்னு சொல்லணும்..."

 கரண்ட் போய் வால்வு குளிர்ந்துவிட்டிருந்தது. நெஞ்சுக்கு அடியிலிருந்து இழுத்தது... க்க்ர்ர்ர்... ச்சப். ச்சப்.

 அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, குழந்தை கேட்கிற மாதிரி, "அப்பா?" என்றது குரல்.

ராஜ்மோகன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணா... அது அப்பாதான? அப்பாவோட சத்தத்த ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கியா? எனக்குத் தெரியாதேண்ணா... அவர் குரலு ஒன்னுகூட எங்கிட்ட இல்ல. போன்ல பேசுனதெல்லாம் போச்சு. எப்படிண்ணா உனக்குத் தோணிச்சு?" அழுதான்.

அன்புக்கரசி தலையை ஆட்டினாள், இல்லை என்று சொல்லச் சொல்லி. ராஜ்மோகன் அவளைப் பார்த்தான். வாயிலிருந்ததை ஒதுக்கிக்கொண்டு, குழறலாகச் சொன்னான்: "ஆமாண்டா. நெறைய இருக்குது. வந்து கேளு."

போனை வைத்தான். வாய் காலியாக இருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை, வால்வு அணைந்து கிடந்தது, ஆனாலும் வாய் காய்ந்து சுத்தமாக இருந்தது. நாக்கால் துழாவிப் பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போய், நின்றபடியே சட்டியிலிருந்து சோற்றை அள்ளி அள்ளித் தின்றான். ஒருவேளைதான். அடுத்த வேளைக்கு மறுபடி வந்துவிட்டது. ஆனால் கணக்குப் புரிந்துவிட்டது அவனுக்கு. கிழவருக்குப் போக ஒரு இடம் வேண்டும்.

"பாவி," என்றார் விருத்தகிரி.

"இதுக்கு மேல நடந்தத அக்கா மட்டும்தான் கூட இருந்து பாத்தா," என்றான் சேரன். "அது சொன்னத அப்படியே சொல்றேன்."

வளவன் லீவு போட்டு வந்தான். குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கோவிலுக்குப் போகிற மாதிரி நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்தான். கையில் பால்பவுடர் டப்பா, அண்ணிக்கென்று வாங்கியது. அன்புக்கரசி அதை வாங்கி வைக்கக்கூடக் கை நீட்டவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"மொதல்ல சொல்லிடுங்க," என்றாள்.

"என்னா அண்ணி?"

"உங்க அண்ணன் சொல்லுவாரு."

"கேட்டுட்டு வரட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்," என்றான் ராஜ்மோகன்.

பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள், நாற்றம் தெருவுக்குப் போகாமல் இருக்க. வளவன் உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுத்தான். மூக்கைப் பொத்தவில்லை. அவன் முகம் மலர்ந்ததை அன்புக்கரசி பார்த்தாள். 

"அப்பா ரூம் மாதிரியே வாசம் அடிக்குதுண்ணா."

இரண்டு வால்வும் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. வெள்ளைச் சாக்கெட்டுகளைச் சுற்றிச் சிவப்பாக வழிந்து காய்ந்து, மேலே மறுபடி வழிந்திருந்தது. ஹெட்போனின் மெத்தை ஊறி உப்பியிருந்தது. ராஜ்மோகன் அதை இரண்டு விரலால், எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி தூக்கிக் கொடுத்தான். வளவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மாட்டினான். காதோரம் சிவப்பாக ஒரு கோடு வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடினான்.  பிறகு சிரித்தான். பிறகு உதடு லேசாகத் திறந்தது. தாடை அசைந்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

ச்சப்.

ராஜ்மோகனின் வாய் காலியானது. முழுசாக, அடியோடு. நாக்கைச் சுழற்றினான். தன் வாய். பின்னால் நகர்ந்து வாசலுக்கு வந்தான்.

"சொல்லுங்க," என்றாள் அன்புக்கரசி. "இப்பவாவது சொல்லுங்க. அவன் அவரு பெத்த புள்ளைங்க, அவன்கிட்ட சொல்லுங்க!"

உள்ளே வளவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். ஒரு கன்னம் உப்பியிருந்தது. பேச்சு குழைந்தது. "அண்ணா... இன்னும் கொஞ்சம் சத்தமா வெக்கலாமா?"

ராஜ்மோகன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். கொண்டியைப் போட்டான். பூட்டை மாட்டி, அழுத்திப் பூட்டினான்.